நாளாக நாளாகத் திணறும் செக்ரோல்: வேகம் எங்கே கரைகிறது?

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட அலுவலகம் ஒன்றில் கணினி திடீரென்று நின்றுபோனால், அன்றைக்கே ஈப்போவிலிருந்து ஆள் வந்துவிடுவார். ஆனால் தொழிலாளர்களின் வேலை நாளையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோல் மென்பொருள் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கத் தொடங்கினால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. மூன்று விநாடியில் திறந்த திரை பத்து விநாடி எடுக்கிறது. அலுவலக எழுத்தர்களான கிராணிகளுக்கு அது பழகிப்போகிறது. சம்பள வாரத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் உட்காரும்போதுதான் பொறுமை தீர்கிறது. அப்போது முதலில் காதில் விழும் யோசனை, ‘சர்வர் பழசாயிடுச்சு, புதுசு வாங்குங்க’ என்பதுதான்.

அந்த யோசனையை உடனே ஏற்க வேண்டாம். பலர் சேர்ந்து பயன்படுத்தும் தரவுத்தளம் படிப்படியாக மந்தமாவதற்கு இயந்திரத்தின் வயது அரிதாகவே காரணம். ஏதோ ஒன்று வளர்ந்திருக்கும். அது பதிவுகளின் எண்ணிக்கையாக இருக்கலாம், ஒரே நேரத்தில் வேலை செய்யும் ஆட்களின் எண்ணிக்கையாக இருக்கலாம், ஒருவருக்காக இன்னொருவர் காத்திருக்கும் நேரமாகவும் இருக்கலாம். எது வளர்ந்தது என்று தெரியாமல் செலவு செய்தால், புதிய சர்வரில் சில மாதங்கள் நன்றாக ஓடிவிட்டு மறுபடியும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

‘எப்போது?’ என்பதே முதல் கேள்வி

‘ஸ்லோவா இருக்கு’ என்ற புகாரை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. எப்போது, யாருக்கு, எந்தத் திரையில் என்று கேட்டால் பாதி நோய் பிடிபடும். ‘அண்ணே, காலையில நான் மட்டும் இருக்கும்போது நல்லா ஓடுது, பத்து மணிக்கு மேலதான் இழுக்குது’ என்று கிராணி சொன்னால், சந்தேகம் லாக் (ஒருவர் மாற்றும் பதிவை மற்றவர் தொடாமல் தடுக்கும் பூட்டு) மீதும் நெட்வொர்க் மீதும் போக வேண்டும். ‘ஆள் இல்லாட்டியும் இழுக்குது’ என்றால் தரவின் அளவு, இண்டெக்ஸ் (முழுவதும் படிக்காமல் வேண்டிய பதிவுக்கு நேராகப் போக உதவும் அகரவரிசைக் குறிப்பு போன்றது), நினைவகம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ‘மத்தியானம் ஒரு தடவை சர்வரை அணைச்சுப் போட்டா சரியாயிடுது’ என்றால், எங்கோ ஒரு இணைப்பு முடிவடையாத வேலையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது, அல்லது ஒரு நிரல் நினைவகத்தை எடுத்துவிட்டுத் திருப்பித் தராமல் இருக்கிறது. ‘மாசத் தொடக்கத்துல மட்டும்’ என்ற பதிலில் வியப்பில்லை. சம்பளம் 7ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்; சேமநிதியும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். மாதத்தின் மற்ற நாட்களில் யாரும் தொடாத கனமான அறிக்கைகள் அந்த இரண்டு வாரத்தில்தான் ஓடுகின்றன.

நினைவை நம்பாமல் எழுதிவைப்பது நல்லது. தினமும் நடக்கும் ஐந்து வேலைகளைத் தேர்ந்தெடுங்கள்: தொழிலாளர் எண்ணைக் கொடுத்து ஒருவரைத் தேடுவது, பெரட்டுத் (காலையில் ஆள் கணக்கெடுப்பது) திரையைத் திறப்பது, ஒரு செம்பனைக் குலைச் சீட்டைச் சேமிப்பது, ஒரு டிவிஷனின் மாதச் சம்பளத்தைக் கணக்கிடுவது, சம்பளச் சீட்டை அச்சுக்கு அனுப்புவது. வாரத்துக்கு ஒரு நாள், பெரட்டு முடிந்து மற்றவர்கள் உட்காருவதற்கு முன் ஒரு தடவை, பதினொரு மணி வாக்கில் எல்லோரும் வேலையில் இருக்கும்போது ஒரு தடவை, கைப்பேசியின் ஸ்டாப்வாட்சில் நேரம் பிடியுங்கள். அருகில் தரவுத்தளக் கோப்பின் அளவு, முக்கிய அட்டவணையின் பதிவு எண்ணிக்கை, அப்போது உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் குறித்துவையுங்கள். ஐந்தாறு வாரத்தில் ஒரு கோடு தெரியும். பதிவுகளோடு சேர்ந்து நேராக ஏறும் கோடு, அட்டவணை முழுவதும் ஒவ்வொரு தடவையும் படிக்கப்படுவதைக் காட்டும். நெடுநாள் தட்டையாக இருந்துவிட்டு ஓரிடத்தில் செங்குத்தாக ஏறினால் நினைவகம் போதாமல் போயிருக்கும். காலை அளவுக்கும் பதினொரு மணி அளவுக்கும் உள்ள இடைவெளி மட்டும் அகன்றுகொண்டே போனால், ஆட்கள் ஒருவரை ஒருவர் தடுக்கிறார்கள். இந்த மூன்று வடிவங்களும் கலந்தும் வரும். அப்படி வந்தால் நேராக ஏறும் கோட்டை முதலில் சரிசெய்யுங்கள். மற்ற இரண்டும் பெரும்பாலும் அதோடு தணிந்துவிடும்.

ஒரு பெருக்கல் கணக்கு

நேராக ஏறும் கோடு எப்படி உண்டாகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு தோட்டத்தில் 400 தொழிலாளர்கள், மாதத்துக்கு 26 வேலை நாட்கள், ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக இரண்டு வேலைப் பதிவுகள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 20,800 பதிவுகள், ஆண்டுக்கு 2,49,600, ஐந்தாண்டில் ஏறத்தாழ 12.5 லட்சம். பதிவு ஒன்றுக்கு 200 பைட் என்றால் முதல் மாதம் 4 எம்பி, முதல் ஆண்டின் முடிவில் 50 எம்பி, ஐந்தாண்டில் 250 எம்பி.

தேடும் புலத்துக்கு இண்டெக்ஸ் இல்லாமல் இந்த அட்டவணை மைக்ரோசாஃப்ட் அக்சஸ் கோப்பாக ஒரு பகிர்வுக் கோப்புறையில் இருந்தால், ஒரே ஒருவருடைய பதிவைத் தேடினாலும் அட்டவணை முழுவதும் கேபிள் வழியாக அந்தக் கிராணியின் கணினிக்கு வந்தாக வேண்டும். 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க்கில் உண்மையாகக் கிடைப்பது விநாடிக்குச் சுமார் 11 எம்பி. முதல் மாதம் அரை விநாடிக்கும் குறைவு. யாரும் கவனிக்க மாட்டார்கள். ஓராண்டில் நாலரை விநாடி. ஐந்தாண்டில் 22 விநாடிக்கு மேல். நான்கு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் சர்வரின் ஒரே கேபிளை நால்வரும் பங்குபோட வேண்டியிருப்பதால் ஒன்றரை நிமிடம். இத்தனைக்கும் மென்பொருளில் யாரும் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. முதல் நாளிலேயே இருந்த குறை, தரவு சிறியதாக இருந்தவரை மறைந்திருந்தது, அவ்வளவுதான்.

இதே கணக்கில் நெட்வொர்க்கின் பங்கும் தெரிகிறது. ஜிகாபிட் வேகத்தில் அந்த 250 எம்பி இரண்டரை விநாடிக்குள் வந்துவிடும். ஜிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ் இரண்டு ஜோடியிலேயே ஓடும். ஆகவே எலி கடித்தோ, ஈரம் இறங்கி முனை துருப்பிடித்தோ மீதி இரண்டில் ஒரு ஜோடி போனால் இணைப்பு அறுந்துவிடாது. சத்தமில்லாமல் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிவிடும். சாயங்கால இடிமழையில் அடிபட்ட சுவிட்ச் போர்ட்டும் இப்படி நடந்துகொள்வதுண்டு. விண்டோசில் நெட்வொர்க் அடாப்டரின் ஸ்டேட்டஸ் பெட்டியைத் திறந்தால் வேகம் எழுதியிருக்கும். 1.0 ஜிபிபிஎஸ் இருக்க வேண்டிய இடத்தில் 100 எம்பிபிஎஸ் என்று இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சர்வருக்குப் போகும் கேபிளை முதலில் பாருங்கள். அது ஒன்று இறங்கினால் எல்லோரும் இறங்குவார்கள். வைஃபையில் அக்சஸ் கோப்பைத் திறக்கும் பழக்கத்தையும் நிறுத்திவிட வேண்டும். வேகம் குறைவது ஒருபுறம் இருக்க, எழுதும் நடுவில் இணைப்பு அறுந்தால் கோப்பே கெட்டுவிடும்.

அக்சஸ் கோப்பில் ஓடும் அலுவலகங்கள்

அக்சஸில் வேலை செய்வது சர்வர் இல்லை. ஒவ்வொரு கிராணியின் கணினியும்தான். சர்வர் கோப்பைக் காத்து வைத்திருக்கிறது, கேட்ட துண்டைக் கொடுக்கிறது. அதனால்தான் சர்வருக்கு நினைவகம் கூட்டியும் பயன் தெரியாமல் போகிறது.

‘முதல் ஆள் இருக்கும்வரை பறக்குது, ரெண்டாவது ஆள் நுழைஞ்சதும் படுத்துடுது’ என்ற புகார் அக்சஸுக்கே உரியது. ஒருவர் மட்டும் கோப்பைத் திறந்திருக்கும்போது, விண்டோஸ் அதன் துண்டுகளை அவருடைய கணினியிலேயே நகலாக வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. இரண்டாமவர் திறந்ததும் அந்தச் சலுகை ரத்தாகிறது. அதன்பிறகு ஒவ்வொரு படிப்பும் கேபிள் வழியாகப் போய் வரும். இதோடு ஒவ்வொரு திரையும் திறக்கும்போது, அட்டவணைகள் உள்ள பின்கோப்பைப் புதிதாகத் திறந்து, மூடும்போது மூடினால், லாக் கோப்பைச் சரிபார்க்கும் வேலையும் ஒவ்வொரு தடவையும் சேர்கிறது. மென்பொருள் தொடங்கும்போதே பின்கோப்போடு ஒரு இணைப்பைத் திறந்து, வேலை முடியும்வரை மூடாமல் வைத்திருப்பது எளிய மருந்து. பத்து வரி நிரல்கூடத் தேவைப்படாது, பலன் அன்றே தெரியும்.

திரைகளும் அறிக்கைகளும் உள்ள முன்கோப்பு ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். அட்டவணைகள் உள்ள பின்கோப்பு மட்டும் சர்வரில் இருந்தால் போதும். எல்லோரும் ஒரே முன்கோப்பைப் பகிர்ந்து திறக்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. அதை உடனே பிரித்துவிடுங்கள். நீக்கிய பதிவுகளின் இடத்தை அக்சஸ் தானாகத் திருப்பித் தராது, கோப்பு ஊதிக்கொண்டே போகும். மாதம் ஒரு தடவை, எல்லோரும் வெளியேறிய பிறகு, முதலில் நகல் எடுத்துவிட்டு காம்பேக்ட் அண்ட் ரிப்பேர் ஓட்ட வேண்டும். கோப்பின் உச்ச அளவு 2 ஜிபி. வெளிநாட்டுத் தொழிலாளர்களின் கடப்பிதழ், பெர்மிட் ஆகியவற்றை ஸ்கேன் செய்து அட்டவணைக்குள்ளேயே போடும் வழக்கம் இந்த எல்லையை மிக விரைவில் தொட்டுவிடும். 400 பேருக்கு ஆளுக்கு நான்கு பக்கம், பக்கத்துக்கு 500 கேபி என்றால் 800 எம்பி. பெர்மிட் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் மேலும் கூடும். படத்தைக் கோப்புறையில் வைத்துவிட்டு, அட்டவணையில் அது இருக்கும் இடத்தை மட்டும் எழுதுங்கள்.

இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாமல்

அட்டவணையைத் திறந்து, ‘தேதிக்கு இண்டெக்ஸ் இருக்கே’ என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது. தரவைக் கேட்டு எடுக்கும் கட்டளையான குவெரி எழுதப்பட்ட விதத்தில் அது பயனற்றுப் போயிருக்கலாம். தேதிப் புலத்திலிருந்து ஆண்டையும் மாதத்தையும் பிரித்தெடுத்து, ‘ஆண்டு 2024, மாதம் 6’ என்று ஒப்பிடும் குவெரி இதற்கு வழக்கமான உதாரணம். அந்தப் பிரித்தெடுப்பை ஒவ்வொரு பதிவுக்கும் செய்து பார்த்தால்தான் விடை தெரியும், ஆகவே 12.5 லட்சம் பதிவுகளையும் படித்தாக வேண்டும். அதையே ‘2024 ஜூன் 1 முதல், ஜூலை 1க்கு முன்’ என்று எழுதினால் இண்டெக்ஸ் நேராக அந்த 20,800 பதிவுகளுக்குக் கொண்டுபோய்விடும். பெயரின் நடுவில் உள்ள எழுத்துகளைக் கொடுத்துத் தேடுவதும் இப்படித்தான் முழு அட்டவணையையும் இழுக்கும். தொழிலாளர் எண் ஓர் அட்டவணையில் எழுத்தாகவும் இன்னொன்றில் எண்ணாகவும் சேமிக்கப்பட்டிருந்தால், இரண்டையும் இணைக்கும்போது நடக்கும் மாற்றமும் இண்டெக்ஸைக் கெடுக்கக்கூடும்.

இன்னொரு வகை, குவெரி வேகமாக இருந்தும் எண்ணிக்கையில் அடிபடுவது. சம்பளக் கணக்கு 400 பேரையும் ஒவ்வொருவராக எடுத்து, ஆளுக்கு ஐந்து குவெரி அனுப்பினால் 2,000 போக்குவரத்து. அலுவலகத்துக்குள் ஒவ்வொன்றும் 1 மில்லிவிநாடி என்றால் மொத்தம் 2 விநாடி. பக்கத்துத் தோட்டத்தை அதே சர்வரோடு விபிஎன் வழியாகச் சேர்த்து, போய் வரும் நேரம் 40 மில்லிவிநாடி ஆனால் 80 விநாடி. இணைய வேகத்தைக் கூட்டினாலும் இது குறையாது. தொலைவுதான் இங்கே செலவு. 400 பேருக்கும் ஒரே குவெரியில் எடுக்கும்படி நிரலை மாற்றுவதுதான் வழி.

எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரசுக்கு மாறிய பிறகு

அக்சஸிலிருந்து வளர்ந்த அலுவலகங்கள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்புக்குப் போகின்றன. நல்ல முடிவுதான். ஆனால் அதன் எல்லைகள் தெரியாமல் ஓட்டினால் அதே மந்தம் வேறு வடிவில் வரும். 2022 வரையிலான பதிப்புகளில் ஒரு தரவுத்தளம் 10 ஜிபியைத் தாண்டக்கூடாது. தரவை வைத்துக்கொள்ளும் நினைவகம் 2016 பதிப்பிலிருந்து 1,410 எம்பி. சர்வரில் 32 ஜிபி ரேம் போட்டாலும் எக்ஸ்பிரஸ் அதற்கு மேல் தொடாது. தினமும் புழங்கும் தரவு இந்த அளவுக்குள் இருக்கும்வரை எல்லாம் நினைவகத்திலிருந்தே வரும். தாண்டியதும் ஒவ்வொரு தேடலுக்கும் வட்டைப் படிக்க வேண்டியிருக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க் விநாடிக்குச் சுமார் 100 சிதறிய படிப்புகளைத்தான் தாங்கும். 3,000 பக்கங்களைத் தொடும் குவெரி திடீரென்று அரை நிமிடம் எடுக்கும். நெடுநாள் தட்டையாக இருந்து செங்குத்தாக ஏறும் கோடு இதுதான். எஸ்எஸ்டி வாங்குவது இங்கே உண்மையிலேயே உதவும். ஆனால் அதற்கு முன் முழு அட்டவணைப் படிப்புகளை ஒழித்தால், புழங்கும் தரவே சுருங்கி மறுபடியும் நினைவகத்துக்குள் அடங்கிவிட வாய்ப்புண்டு.

எக்ஸ்பிரசில் ஏஜென்ட் கிடையாது. பராமரிப்பு வேலைகளை இரவில் தானாக ஓட்டும் பகுதி அது. பேக்கப்பும் இரவுநேரப் புள்ளிவிவரப் புதுப்பிப்பும் ‘தானா நடக்கும்’ என்று நம்பப்பட்டு, ஆண்டுக்கணக்கில் ஒரு தடவைகூட நடக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் நீங்களே வைத்தாக வேண்டும்.

புள்ளிவிவரம் ஏன் முக்கியம்? ஒரு குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று சர்வர் முடிவெடுப்பது, ஒவ்வொரு புலத்திலும் என்ன மதிப்புகள் எத்தனை இருக்கின்றன என்ற சுருக்கக் குறிப்பை வைத்துத்தான். பழைய விதிப்படி, 500 பதிவுகளோடு அட்டவணையின் 20 விழுக்காடும் மாறினால்தான் அந்தக் குறிப்பு தானாகப் புதுப்பிக்கப்படும். 12.5 லட்சத்துக்கு அது 2,50,500. நம் தோட்டத்தில் ஓராண்டுப் பதிவுகளுக்கும் சற்று அதிகம். அதுவரை, இந்த மாதம் என்று ஒன்று இருப்பதே சர்வருக்குத் தெரியாது. ஒரு சில பதிவுகள்தான் இருக்கும் என்று எண்ணி, சிறிய அளவுக்கு ஏற்ற வழியைத் தேர்ந்து, 20,800 பதிவுகளில் மாட்டிக்கொள்ளும். 2016 பதிப்பு முதல், தரவுத்தளத்தின் இணக்க நிலை (எந்தப் பதிப்பின் விதிப்படி நடக்க வேண்டும் என்ற அமைப்பு) 130 அல்லது அதற்கு மேல் இருந்தால், வரம்பு 35,000 சொச்சமாகக் குறைகிறது; அதுவும் ஒன்றரை மாதத்துக்கு மேல். மென்பொருளைப் புதிய சர்வருக்கு மாற்றியபோது இணக்க நிலையைப் பழையபடியே விட்டிருந்தால் பழைய விதிதான் நடக்கும். ஒவ்வொரு மாதமும் சம்பளக் கணக்குக்கு முந்திய இரவு செக்ரோல் அட்டவணையின் புள்ளிவிவரத்தைப் புதுப்பியுங்கள். சில நிமிட வேலை.

ஒருவர் பிடித்திருக்க, மற்றவர் நிற்பது

எடைமேடையில் ஒரு லோரி இறங்காமல் நின்றால் பின்னால் உள்ள லோரிகள் எல்லாம் நிற்பதுபோல்தான் லாக். ஒரு பதிவை ஒருவர் மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதைத் தொடாமல் காப்பது அதன் வேலை; அது இல்லாவிட்டால் சம்பளமே தப்பாகும். எவ்வளவு நேரம், எவ்வளவு அகலமாகப் பிடிக்கிறது என்பதில்தான் சிக்கல்.

அகலத்தைப் பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வர், ஒரே கட்டளை ஓர் அட்டவணையில் சுமார் 5,000 லாக்குகளைத் தொட்டதும், தனித்தனி லாக்குகளை விட்டுவிட்டு அட்டவணை முழுவதையும் ஒரே லாக்கால் பிடிக்க முயலும். ஒரு டிவிஷனில் 90 பேர் என்றால், மாதச் சம்பளத்தை முடிக்கும் கட்டளை தொடுவது 4,680 பதிவுகள். பதிவுக்கு ஒரு லாக் என்றால் எல்லைக்குள் இருக்கிறது. பக்கத்து டிவிஷன் கிராணி அதே நேரத்தில் தன் பதிவுகளைப் போட்டுக்கொண்டிருக்கலாம். புதிதாகப் பத்துப் பேர் வேலைக்குச் சேர்ந்து 100 ஆனால் 5,200. அந்த மாதத்திலிருந்து சம்பளம் ஓடும்போதெல்லாம் எல்லா டிவிஷனும் நிற்கும். மென்பொருளும் சர்வரும் மாறவில்லை. பத்துப் பெயர்கள்தான் கூடின. கட்டளையை 2,000 பதிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முடித்து உறுதிசெய்து லாக்கை விடுவித்துவிட்டு அடுத்ததற்குப் போகும்படி எழுத வேண்டும். எந்தப் பகுதிவரை முடிந்தது என்பதை ஓர் அட்டவணையில் குறித்துக்கொண்டால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நேரத்தை நீட்டுவது பெரும்பாலும் திரைதான். ‘உறுதியா?’ என்று கேட்கும் பெட்டி, ஒரே தொகுப்பாக முடிய வேண்டிய மாற்றங்களான டிரான்ஸாக்‌ஷனைத் திறந்த பிறகு வந்தால், கிராணி பதில் சொல்லும்வரை லாக் விடுபடாது. அவர் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போனால் அலுவலகமே நிற்கும். கேள்வியை முதலில் கேளுங்கள், பதில் வந்த பிறகு டிரான்ஸாக்‌ஷனைத் திறங்கள். படிப்பவர்கள் எழுதுபவர்களுக்காகக் காத்திருக்காமல் இருக்க, ரீட் கமிட்டெட் ஸ்நாப்ஷாட் என்ற அமைப்பு எக்ஸ்பிரசிலும் உண்டு. ஒரே ஒரு தடவை, யாரும் உள்ளே இல்லாத நேரத்தில் போட்டுவிடலாம். தற்காலிகத் தரவுத்தளம் சற்றுப் பெரிதாகும், அதற்கு வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிற்கும் நேரத்தில் யார் பிடித்திருக்கிறார்கள் என்று காண, எஸ்க்யூஎல் சர்வரை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவின் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து, ‘பிளாக்ட் பை’ என்ற பத்தியைப் பார்க்க வேண்டும். ஐந்தாவது ஆள் நான்காவது ஆளுக்காகவும், நான்காவது ஆள் இரண்டாவது ஆளுக்காகவும் நிற்கலாம். யாருக்காகவும் நிற்காமல் மற்றவர்களை நிறுத்திவைத்திருக்கும் முதல் இணைப்பைக் கண்டுபிடித்து, அது எந்தக் கணினி, கடைசியாக என்ன குவெரி என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை உடனே துண்டித்துவிட்டால் கூட்டம் கலையும், ஆனால் சாட்சியமும் போய்விடும். ரீஸ்டார்ட்டும் அப்படித்தான். எழுதிக்கொண்ட பிறகே துண்டியுங்கள். அந்த நேரத்தில் அங்கே இருக்க முடியாதென்றால், 2016 முதல் கிடைக்கும் குவெரி ஸ்டோரைப் போட்டுவையுங்கள். எந்தக் குவெரி எந்த வாரத்திலிருந்து மெதுவானது, அப்போது அதன் வழி மாறியதா என்று பின்னால் போய்ப் பார்க்கலாம். 2019 பதிப்பு வரை அதை நீங்கள்தான் போட வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தை வைத்திருப்பவர்களுக்கும் இதே தேடல்தான். ஒன்று மட்டும் கூடுதல். அங்கே மாற்றிய பதிவின் பழைய பிரதி உடனே போகாது. ஆட்டோவேக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து கூட்டிப் பெருக்கும். யாராவது டிரான்ஸாக்‌ஷனைத் திறந்துவிட்டு நாள்கணக்கில் சும்மா விட்டால், அதற்குப் பின் கழிந்த பிரதிகளைக் கூட்ட முடியாமல் அட்டவணை வீங்கும். அப்படிச் சும்மா நிற்பவற்றைத் துண்டிக்கும் கால வரம்பு இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். ஐந்து நிமிடமாவது வையுங்கள். இன்னொரு தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்லில் மெதுவான குவெரிகளின் பதிவேடும் இயல்பாக அணைந்தே இருக்கும். போட்டாலும் 10 விநாடிக்கு மேலானதைத்தான் எழுதும். 1 விநாடிக்கு இறக்குங்கள்.

பழைய தரவை என்ன செய்வது

‘பழைய வருஷத்தை அழிச்சிடுவோம்’ என்ற யோசனை கடைசியில் வரும். அழிக்கக் கூடாது. 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி தொழிலாளர் பதிவேடு குறைந்தது ஆறு ஆண்டு பார்வைக்குக் கிடைக்க வேண்டும். வருமான வரிக்கு ஏழு ஆண்டு. சரியான இண்டெக்ஸ் இருந்தால் 12.5 லட்சம் பதிவுகள் சர்வருக்கு ஒரு சுமையே இல்லை. வேகத்துக்காக மட்டும் பழையதை நகர்த்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. 10 ஜிபி எல்லை நெருங்கினால் நகர்த்தலாம். அப்போதும் தனித் தரவுத்தளத்துக்கு மாற்றுங்கள். 2,000, 2,000 பதிவுகளாக, சம்பள வாரத்தைத் தவிர்த்து. மூலத்திலிருந்து நீக்குவதற்கு முன், மாதவாரியாகப் பதிவு எண்ணிக்கையும் மொத்தச் சம்பளத் தொகையும் இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து, பழைய சம்பளச் சீட்டு ஒன்றை அதிலிருந்து அச்சிட்டுப் பார்த்த பிறகே நீக்குங்கள்.